ஒரே புதரில் இரண்டு பந்தி

அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸுக்கு நான் போனது மூஸ் மானைப் பார்க்க. பார்க்கக் கிடைத்தது ஓர் அப்பா-மகள் சண்டை.

தங்கியிருந்த வீட்டின் கொல்லையில் ஒரு வில்லோ புதர். இரவில் அதை மேய்ந்தது யார்? "மூஸ்தான்" என்றார் வீட்டுக்காரப் பெரியவர். "இல்லப்பா, முயல்" என்றாள் மகள். காப்பி ஆறிக்கொண்டிருந்தது, இருவரும் விடுவதாக இல்லை.

கடிபட்ட கிளைகள் என் நெஞ்சுயரத்தில் இருந்தன. ஒன்றரைக் கிலோ முயல் அவ்வளவு உயரம் எப்படி எட்டும் என்று கேட்டேன். மகள் பூட்ஸை மாட்டிக்கொண்டு என்னையும் வெளியே இழுத்துப் போனாள். அகன்ற பின்னங்கால்களால் முயல் பனியில் புதையாமல் மேலேயே நடக்கும். பனி ஏற ஏற அதன் பந்தியும் மேலே ஏறுகிறது. மூஸோ கால் புதைய நின்று, அதற்கும் மேலே இருப்பதை இழுக்கிறது.

பிறகு இரண்டு குச்சிகளை ஒடித்து என் கையில் வைத்தாள். ஒன்று கத்தியால் சீவியதுபோல் சாய்வாக அறுபட்டிருந்தது: முயல். மற்றது நார்நாராகப் பிய்ந்திருந்தது: மூஸ். மூஸுக்கு மேல்வரிசையில் முன்பற்கள் இல்லை. கவ்விப் பிய்த்துத்தான் தின்னும். நம் ஊர் வெள்ளாட்டுக்கும் அதே வாய்தான். ஆடு கடித்த கிளுவை வேலிகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்த முனையை அதுவரை உற்றுப் பார்க்கத் தோன்றியதே இல்லை.

புதரில் இரண்டு விதக் கடியும் இருந்தன. பெரியவர் அப்போதும், "முதலில் வந்தது மூஸ்" என்றார்.

பக்கத்தில் நின்ற இளம் பிர்ச் கன்றை இரண்டுமே தொடவில்லை. தடவிப் பார்த்தேன், குருத்தெல்லாம் சொரசொரவென்று பிசின் மணிகள். முயல் அந்தப் பிசினை வெறுக்கும். மரம் ஓங்கி முயலுக்கு எட்டாத உயரம் போனதும் பிசினைக் குறைத்துக்கொள்கிறது. முதிர்ந்த பிர்ச் காற்றில் சாய்ந்தால் அதன் நுனிக்குச்சிகளை அதே முயல்கள் தேடித் தின்னும். ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒருமுறை முயல்கள் பெருகிக் குறையும் நாட்டில், கன்றுக்கு இந்தக் காவல் வேண்டும்தான். அந்தக் கன்றின் மீது எனக்குப் பெரிய மரியாதையே வந்துவிட்டது.

வடக்கே, புரூக்ஸ் மலைத்தொடரைத் தாண்டிய ஆற்றங்கரைகளிலும் இப்போது இந்தப் பங்காளிகள் உண்டு என்றாள் மகள். கொல்வில் ஆற்றுப் பக்கம் மூஸும் முயலும் பரவியது இருபதாம் நூற்றாண்டில்தான். கோடை சூடேறி, குட்டையாகக் கிடந்த வில்லோக்கள் பனிக்கு மேலே தலைநீட்டும் அளவுக்கு வளர்ந்ததால் அவற்றுக்கு அங்கே இரை கிடைத்தது. மூஸ் பார்க்க அங்கே வருகிறீர்களா என்றாள். வருகிறேன் என்றேன். ஆனால் அந்தச் செய்தி எனக்குச் சந்தோஷம் தரவில்லை.