பாட்டி சாப்டா?

ஜனவரி இரண்டாவது வாரம் கொல்கத்தாவின் மிட்டாய்க் கடை ஒன்றில் போய் நிற்கும் தமிழருக்குக் காது ஒரு கணம் ஏமாறும். வருகிறவர்கள் எல்லாம் “பாட்டிஷாப்டா ஆச்சே?” என்று கேட்பார்கள். பாட்டி சாப்பிட்டாயிற்றா என்ற விசாரணை அல்ல அது. பாட்டிஷாப்டா இருக்கிறதா என்று கேட்கிறார்கள். அரிசி மாவில் மெல்லிசாக வார்த்து, தேங்காய்ப் பூரணம் வைத்துச் சுருட்டிய இனிப்புத் தோசை அது. வங்க மொழியில் ‘பாட்டி’ என்றால் பாய். சுருட்டி வைத்த பாயைப் போலத்தான் பலகாரமும் இருக்கிறது.

தமிழகத்தில் பொங்கல் பொங்கும் அதே நாளில் வங்காளத்தில் பௌஷ சங்கராந்தி. கங்கை கடலில் கலக்கும் சாகர் தீவுக்குப் போகும் பக்தர்களும் சாமியார்களும் பாபுகாட் அருகே கூடாரமடித்திருப்பார்கள். தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் லேக் மார்க்கெட் பகுதியில் கரும்பும் மஞ்சள் கொத்தும் தேடுவார்கள். வங்காளி வீடுகளில் புது அரிசி மாவாகும். அறுவடை வீட்டுக்கு வந்த லட்சுமி வெளியேறிவிடக்கூடாது என்று, சங்கராந்திக்கு முந்தைய நாள் வைக்கோல் பிரியைக் குதிரிலும் கதவிலும் கட்டுவது கிராமத்துப் பழக்கம். மறுநாள் ‘பிட்டே’ எனப்படும் அரிசிப் பலகாரங்களின் நாள். பாலில் வேகும் தூத் புலி, பாகில் ஊறும் கோகுல் பிட்டே, குழி அச்சில் வேகும் சித்தோய் என்று பட்டியல் நீளும். தமிழர்களை வியக்கவைப்பது சருசக்லி. அரிசியும் உளுந்தும் ஊறவைத்து, அரைத்து, மெல்லிசாக வார்ப்பது. தோசையின் தங்கை என்றே சொல்லலாம். தொட்டுக்கொள்ளச் சட்னிக்குப் பதில் வெல்லப்பாகு.

பாட்டிஷாப்டாவுக்கு அரிசி மாவுடன் கொஞ்சம் மைதாவும் ரவையும் சேர்த்துப் பாலில் கரைத்து ஊறவைக்கிறார்கள். நாம் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல்லில் தேய்ப்பதுபோல் அங்கே கத்தரிக்காய்க் காம்பு. கரண்டி மாவு ஊற்றிப் பரப்பி, வெல்லத்தில் கிளறிய தேங்காயையோ சுண்டக் காய்ச்சிய பாலையோ ஓரத்தில் வைத்துச் சுருட்ட வேண்டும். நிறம் ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டும்.

பருவத்தோடு சேர்ந்த தோசை உலகமெங்கும் உண்டு. தவக்காலம் தொடங்குமுன் வீட்டிலுள்ள முட்டை, பாலைத் தீர்க்க ஆங்கிலேயர்களுக்குப் பான்கேக் செவ்வாய். பிரெஞ்சுக்காரர்களுக்கு பிப்ரவரி 2இல் க்ரேப். வங்காளத்தை ஆண்ட, அதன் கரையில் சந்தன்நகரை வைத்திருந்த இரு தேசத்தாருக்கும் கிடைக்காத ஒன்று வங்காளிக்குக் கிடைத்தது: நலேன் குர், அதாவது புது வெல்லம்.

இது ஈச்ச மர வெல்லம். நம் பனை, கோடையில் பாளையிலிருந்து பதநீர் தருகிறது. ஈச்ச மரம் குளிர்காலத்தில் தண்டிலிருந்தே சாறு தருகிறது. ‘ஷியூலி’ எனப்படும் மரமேறி, இலையுதிர் காலத்தில் கொண்டைக்குக் கீழே ஒரு பக்கம் பட்டையைச் சீவி, மூங்கில் குழாய் செருகுகிறார். மாலையில் பானை கட்டி, சூரியன் எழுமுன் இறக்க வேண்டும். வெயில் பட்டால் சாறு புளித்துக் கள்ளாகிவிடும். சில நாள் சீவியபின் மரத்துக்கு ஓய்வு தருகிறார்கள். ஓய்வுக்குப் பின் முதல் வெட்டில் வரும் சாறுதான் உயர்ந்தது. அதை அகன்ற தட்டில் மணிக்கணக்கில் காய்ச்சுகிறார்கள். ஒரு கிலோ வெல்லத்துக்கு எட்டு, பத்து லிட்டர் சாறு செலவாகும். பாகாக இறக்கினால் ஜோலா குர், கட்டியாக வார்த்தால் பட்டாலி.

காய்ச்சும் பக்குவம் பெரும்பாலும் பெண்கள் கையில். இதை வைத்தே நரேந்திரநாத் மித்ரா ‘ரஸ்’ என்ற சிறுகதை எழுதினார். 1973இல் அது ‘சௌதாகர்’ என்ற இந்திப் படமானது. வெல்ல வியாபாரி அமிதாப் பச்சன், நன்றாக வெல்லம் காய்ச்சும் விதவையான நூதனை மணக்கிறார். அவள் உழைப்பில் சேர்ந்த பணத்தைக் கொண்டே இளம்பெண் ஒருத்தியை மணக்க அவளை விலக்குகிறார். புது மனைவிக்குக் காய்ச்சத் தெரியாது. சந்தையில் பெயர் போகிறது.

இன்று வெல்லத்தின் பெயரே சந்தேகத்துக்கு உள்ளாகியிருக்கிறது. இரவுக் குளிர் குறைந்தால் சாறு கெடுகிறது. மரங்கள் செங்கல் சூளைகளுக்கு விறகாகின்றன. மூன்று மாத வருமானத்துக்காக மரம் ஏற ஷியூலிகளின் பிள்ளைகள் தயாராக இல்லை. தேவையோ ஏறிக்கொண்டே போகிறது. இடைவெளியைச் சர்க்கரையும் எசன்ஸும் நிரப்புகின்றன. கருப்பட்டியில் சர்க்கரை கலப்பதைப் பார்த்த தமிழருக்கு இது பழைய கதை. விரலால் அழுத்தினால் விட்டுக்கொடுக்கும் பட்டாலி நல்லது. கல்லாக இறுகிப் பளபளத்தால் சர்க்கரை என்று ஐயப்படலாம்.

அரசு கைகட்டி நிற்கவில்லை. வெல்லப்பாகு பற்பசைபோலக் குழாயில் அடைத்து விற்கப்படுகிறது. ஜெய்நகர் மோவா 2015இல் புவிசார் குறியீடு பெற்றது. நலேன் குர் சந்தேஷ் 2025இல் பெற்றது. ஆனால் முத்திரை பலகாரத்துக்குத்தான். மரமேறும் ஷியூலிக்கு அதில் என்ன பங்கு என்ற கேள்வி நிற்கிறது.

சமையலறையிலும் மாற்றம். பவானிப்பூரில் 1885இல் தொடங்கிய பலராம் மல்லிக் போன்ற கடைகளில் பாட்டிஷாப்டா ரெடியாகக் கிடைக்கிறது. குளிர்காலத்தில் பேட்டைக்குப் பேட்டை பிட்டே திருவிழாக்கள் நடக்கின்றன. வேலைக்குப் போகும் மருமகளுக்கு இது நிம்மதி. அதைக் குறை சொல்ல முடியாது. டாக்குமா, அதாவது அப்பாவைப் பெற்ற பாட்டி, விடியலில் அடுப்பு முன் உட்கார்ந்தால் எல்லோர் தட்டும் நிறைந்த பிறகுதான் எழுந்திருப்பாள். பிய்ந்ததும் ஒட்டியதும்தான் அவள் பங்கு. கடையில் வாங்கும் நாளிலாவது அவளுக்கு முழுசாக ஒன்று கிடைக்கும். வெல்லம் அசலாக இருந்தால், பாட்டி சாப்பிட்டாயிற்றா என்று தமிழிலும் கேட்டுக்கொள்ளலாம்.