வண்டியை நிறுத்துகிறவர்கள்

குடும்பத்தோடு காரில் போகும்போது நடுவழியில் டயர் பஞ்சரானால் முதலில் ஓடிவருவது பெரும்பாலும் பக்கத்து டீக்கடைக்காரரோ லாரி டிரைவரோதான். ஜாக்கி போட்டுத் தருவார், பிள்ளைகளை நிழலில் உட்காரச் சொல்வார், காசு நீட்டினால் கோபித்துக்கொள்வார். அதே மனிதர் விபத்து நடந்த இடத்தில் மட்டும் ஏன் தயங்குகிறார்? போலீஸ் ஸ்டேஷன், சாட்சி, கோர்ட் வாய்தா என்ற பயம். அதனால், மனிதாபிமானம் செத்துவிட்டது என்ற புலம்பலை நான் ஏற்பதில்லை. உதவுகிறவன் கொடுக்க வேண்டியிருந்த விலை அதிகம். உச்ச நீதிமன்றம் 2016-ல் உதவுபவர்களைக் காக்கும் நெறிமுறைகளுக்குச் சட்ட வலு தந்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்ந்தது. அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தவர், விருப்பமில்லையென்றால், பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை. நல்லெண்ணத்தில் செய்த உதவியில் பிசகு நேர்ந்தாலும் அவர்மேல் வழக்கு கிடையாது.

சட்டம் போட்டால் இரக்கம் வந்துவிடுமா என்று கேட்கலாம். வராது. இருக்கிற இரக்கத்துக்குக் குறுக்கே நிற்காமல் இருக்கும், அவ்வளவுதான். (ஒன்றிய அரசு 2021-ல் 5,000 ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவித்தது. எனக்கென்னவோ, பெயர் சொல்லாமல் கிளம்பும் உரிமைதான் பெரிதாகப் படுகிறது.) உதவி கேட்பதுபோல் நிறுத்தி வழிப்பறி செய்பவர்களும் உண்டே என்பது நியாயமான கேள்வி. இரவில், ஆளில்லாத சாலையில், குழந்தைகளோடு போகிறவர் நிற்காமல் போனால் குறை சொல்லமாட்டேன். ஆனால் 108-ஐ அழைக்கலாம். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. கிளம்புமுன் இரண்டையும் போனில் சேமித்துவிடுங்கள், வண்டி ஓட்டுகிறவரிடம் 134ஏ பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.