காஞ்சிப் பட்டு கிழிந்தால் என்ன செய்யலாம்? பிள்ளையார்பாளையத்தில் ஒரு ரவுண்டு!

லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய கார்பன் சைக்கிள் விபத்தில் உடைந்துவிட்டால் என்ன செய்வது? ட்ரெக், கேன்யன் போன்ற நிறுவனங்கள் 'கிராஷ் ரீப்ளேஸ்மென்ட்' என்று ஒரு வசதி வைத்திருக்கின்றன. கீழே போட்டது நாமேதான் என்றாலும், விதிமுறைக்கு உட்பட்டு தள்ளுபடி விலையில் புது ஃபிரேம் வாங்கிக்கொள்ளலாம்.

நம் வீட்டு பீரோவிலும் அப்படி ஒரு காஸ்ட்லி பொருள் இருக்கிறது. கல்யாணப் பட்டு! அது ஆணியில் மாட்டிக் கிழிந்தால்? பட்டுக்கு அப்படி ஒரு கம்பெனித் திட்டம் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆனால், காஞ்சிபுரத்துக்குப் போனால் வழி இருக்கிறது.

கிழியும் உடல், நிற்கும் கரை

சென்னையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர். காந்தி ரோட்டின் பெரிய ஜவுளிக்கடைகளைத் தாண்டி மேற்கே பிள்ளையார்பாளையம் பக்கம் நடந்தால், வீடுகளுக்குள்ளிருந்து தறிச் சத்தம் கேட்கும். பட்டு கர்நாடகத்திலிருந்தும், சரிகை பெரும்பாலும் சூரத்திலிருந்தும் வருகின்றன. அவற்றைச் சேலையாக்குவது இந்தத் தெருக்கள்தான்.

காஞ்சிப் பட்டின் பலம் 'கோர்வை'. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடாக்களை வைத்து, உடலின் ஊடையையும் கரையின் ஊடையையும் ஒன்றோடு ஒன்று கோத்து நெய்கிறார்கள். இதற்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். அதனால்தான் 'உடல் கிழிந்தாலும் கரை பிரியாது' என்ற பெயர் இந்தச் சேலைக்கு.

மூன்று வழிகள்

சின்னக் கிழிசல் என்றால் டார்னிங். அதே நிறப் பட்டு நூலை இழை இழையாக ஓட்டி அடைப்பார்கள். கிழிசல் பெரிதாகும் முன்பே கொடுத்துவிடுவது நல்லது.

உடல் நைந்து, கரை நன்றாக இருந்தால் கரையையும் முந்தியையும் வெட்டியெடுத்துப் புதுப் பட்டில் வைத்துத் தைக்கலாம். பேத்திக்குப் பாவாடையாகவும் மாற்றலாம்.

எதுவுமே முடியாது என்றால், இருக்கவே இருக்கிறது 'பழைய பட்டுப்புடவை வாங்கப்படும்' போர்டு. அங்கே விலை பட்டுக்கு இல்லை, சரிகைக்குத்தான். அசல் சரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளி இழையைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. சேலையை எரித்து, உருக்கி வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள். அன்றைய வெள்ளி விலையைத் தெரிந்துகொண்டு, இரண்டு மூன்று கடைகளில் விசாரித்துவிட்டுக் கொடுங்கள்.

பில்லில் இருக்கிறது சூட்சுமம்

சரிகை 'டெஸ்டட்' என்று சொல்லப்படும் செம்பு வகையாகவோ பிளாஸ்டிக்காகவோ இருந்தால் இந்த மூன்றாவது வழி அடைபட்டுவிடும். ஆக, கிழிந்த பிறகு கிடைக்கப்போகும் பணம், வாங்கும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. பட்டுக்கு 'சில்க் மார்க்' லேபிள் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால், அது பட்டுக்கு மட்டும்தான் உத்தரவாதம், சரிகைக்கு இல்லை. எனவே, சரிகை என்ன வகை என்பதையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். 2005-06-ல் புவிசார் குறியீடு பெற்ற சேலை இது. ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அப்போதும் கையில் பில் வேண்டும்.

கைலாசநாதர் காட்டும் பாடம்

பிள்ளையார்பாளையம் வரை வந்துவிட்டால் கைலாசநாதர் கோயிலைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். 8-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய மணற்கல் கோயில். அரித்துப்போன சிற்பங்கள் மேல் பிற்காலத்தில் சுதை பூசியிருக்கிறார்கள். அந்தச் சுதை உதிர்ந்த இடங்களில் பல்லவச் சிற்பியின் உளி வேலை எட்டிப்பார்க்கும். மேலே பூசியது எதுவானாலும், அடியில் மூலம் இருப்பதால்தான் இன்று அதைப் பார்க்க முடிகிறது.

உருக்கிய சேலைக்கு அப்படி ஒரு மூலம் மிஞ்சாது. வெள்ளி கையில் வரும், பாட்டி கல்யாணத்தில் கட்டிய அந்த ருத்ராட்சக் கரையும் யாளியும் போய்விடும். எடைக்குப் போடும் முன் பழைய சேலையை ஒரு நெசவாளரிடம் காட்டுங்கள். மாதிரி கையில் இருந்தால் அதே டிசைனைத் திரும்ப நெய்துதரக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள். செலவு கூடும்தான். முடியாவிட்டால், கரையிலிருந்து ஒரு சாண் துண்டையாவது வெட்டி பீரோவில் வையுங்கள். நாளைக்குப் பேத்தி கேட்டால், எடுத்துக்கொண்டு காஞ்சிபுரம் போக அது போதும்.