30 மதிப்பெண் உண்டு, ஒரு நாற்காலி இல்லை

போன ஆகஸ்ட் மாதம் எங்கள் தெருத் தங்கச்சி ஒருத்தியிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. அந்தக் கதையை எழுதினால் வேறு பிள்ளைகளுக்காவது ஒரு வருசம் மிஞ்சும் என்பதால் எழுதுகிறேன்.

2025 மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் அவள் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணே, மனசப் பத்தி ஒரு படிப்பு இருக்காமே. அதப் படிச்சிட்டு பள்ளிக்கூடத்துல டீச்சராவணும்ண்ணே."

"சைக்காலஜியா? எதுக்குத் தாயி?"

"நாங்குநேரில அந்த அண்ணன வெட்டுனது கூடப் படிச்ச பயலுவதான? அவனுவளுக்கு யாரு என்ன சொல்லிக் குடுத்தா? அத மாத்திச் சொல்லிக் குடுக்க ஆளு வேணும்லா?"

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். வெட்டியவர்கள் சக மாணவர்கள். அப்போது இவள் பதினொன்றில் படித்துக்கொண்டிருந்தாள். நாங்களெல்லாம் ஆர்ப்பாட்டத்துக்குத் தட்டி எழுதிக்கொண்டிருந்தபோது அவள் இந்தக் கேள்வியை மனதில் எழுதி வைத்திருக்கிறாள்.

அவள் அப்பாவுக்குக் கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒப்பந்த வேலை. அம்மாவுக்கு நூறு நாள் வேலை. வீட்டில் கடன். நான் யோசித்து, பெரிய அறிவாளி மாதிரி ஒரு வழி சொன்னேன்: "இப்ப ஒரு வேலைக்குப் போ. தபால்ல சைக்காலஜி படி. பெறகு பி.எட். பாத்துக்கலாம்." நானும் வேலை பார்த்துக்கொண்டே படித்தவன்தான். அவளும் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள்.

ஆகஸ்டில் யுஜிசி அறிவிப்பு வந்தது. 2021-ஆம் ஆண்டின் சுகாதாரத் துறை சார்ந்த தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளை, உளவியலையும் சேர்த்து, 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து தொலைதூர முறையிலும் இணைய வழியிலும் நடத்தக் கூடாது என்றார்கள். நேரடிப் பயிற்சி இல்லாமல் படித்தவர் கையில் நோயாளியின் மனதைக் கொடுக்கக் கூடாது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் பகலில் வேலை பார்த்தால்தான் சோறு என்ற வீட்டுப் பிள்ளைக்கு இருந்த ஒரே கதவு அதுதான். கதவை அடைத்தவர்கள் பக்கத்தில் இன்னொன்றைத் திறந்து வைக்கவில்லை. அரசுக் கல்லூரிச் சேர்க்கையும் அதற்குள் முடிந்திருந்தது. என் பேச்சைக் கேட்டதில் அவளுக்கு ஒரு வருசம் போச்சு.

பிறகுதான் உட்கார்ந்து ஒழுங்காகத் தேடினேன். தேடத் தேட என் பள்ளிக்கூட நாள்தான் ஞாபகம் வந்தது.

நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கையில், உதவித்தொகைப் பட்டியல் எடுக்க வந்த ஆசிரியர் வகுப்பு நடுவில், "எஸ்.சி. எல்லாம் எந்திரி" என்றார். எழுந்தோம். அது வரைக்கும் என் பெஞ்சில் தோளில் கைபோட்டு உட்கார்ந்திருந்தவன் மறுநாள் வேறு பெஞ்சில் இருந்தான். என்னோடு எழுந்து நின்றவர்களில் ஒருவன் அடுத்த வாரம் முதல் வரவேயில்லை. அவனுக்குப் படிப்பு ஏறவில்லை என்று சொன்னார்கள். நானும் அதை நம்பினேன்.

வரலாறு படித்து பி.எட். போன பிறகுதான் கல்வி உளவியல் புத்தகத்தைத் தொட்டேன். பாவ்லோவின் நாய், ஸ்கின்னரின் எலி, பியாஜேயின் குழந்தை எல்லாம் வந்தார்கள். "எந்திரி" என்றதும் எழுந்து நிற்கும் குழந்தை மட்டும் எந்தப் பாடத்திலும் வரவில்லை. அந்தக் குழந்தையை நான் கண்டது கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பினத் தம்பதியின் ஆய்வில். 1940-களில் அமெரிக்காவில் கறுப்பினக் குழந்தைகள் முன்னால், நிறத்தைத் தவிர வேறு வித்தியாசமில்லாத பொம்மைகளை வைத்து, எது நல்ல பொம்மை, எது கெட்ட பொம்மை என்று கேட்டார்கள். பல குழந்தைகள் வெள்ளைப் பொம்மையை நல்லது என்றும், தங்கள் நிறத்துப் பொம்மையைக் கெட்டது என்றும் காட்டினார்கள். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-ல் தீர்ப்புச் சொன்னபோது, கிளார்க்கின் ஆய்வையும் அடிக்குறிப்பில் காட்டியது. ஒடுக்கப்பட்டவர்கள் தங்கள் பிள்ளைகளின் மனதைத் தாங்களே படித்ததால் நீதிமன்றத்தில் வைக்க ஒரு சான்று கிடைத்தது. படிப்பு ஏறவில்லை என்று நாங்கள் கைகழுவிய அந்தப் பையனைப் படிக்க இங்கே ஆள் இல்லை.

இனி வழிக்கு வருவோம். தம்பி தங்கைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முழுநேரமாகக் கல்லூரிக்குப் போய்ப் படிப்பதே இப்போது உறுதியான பாதை. சென்னை மாநிலக் கல்லூரி, கோவை அரசு கலைக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளில் இளநிலை உளவியல் இருக்கிறது. பிளஸ் டூ ரிசல்ட்டை ஒட்டி இணையத்தில் விண்ணப்பம் திறக்கும். கொஞ்ச நாள்தான் திறந்திருக்கும், அசந்துவிடக் கூடாது. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, ஆதிதிராவிடர் நல விடுதி இரண்டுக்கும் சேர்ந்த உடனே விண்ணப்பியுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டையும் இப்போதே கையில் வைத்திருங்கள்.

இளநிலை மட்டும் போதாது. தமிழ்நாட்டில் பி.எட். சேர்க்கைக்கு உளவியலில் முதுநிலைப் பட்டம் கேட்கிறார்கள். ஆக, இளநிலை 3, முதுநிலை 2, பி.எட். 2 என மொத்தம் ஏழு வருசம். எல்லாப் பட்டமும் பத்து, பிளஸ் டூ, இளநிலை, முதுநிலை என்ற வரிசையில் இருக்கட்டும். வேறு பாடத்தில் இளநிலை முடித்தும் முதுநிலை உளவியலில் பல இடங்களில் சேரலாம். ஆனால் மேல்நிலை ஆசிரியர் வேலைக்கு இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும் என்ற விதி குறுக்கே வரும். மருத்துவமனையில் சிகிச்சை உளவியலாளர் ஆவது வேறு பாதை. அதற்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் அங்கீகாரம் உள்ள படிப்பு வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஏழு வருசம் படித்துவிட்டு வேலை எங்கே? இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. ஆசிரியர் தேர்வு வாரியம் 2021-ல் வெளியிட்ட முதுகலை ஆசிரியர் அறிவிக்கையை எடுத்துப் பாருங்கள். தமிழ், கணக்கு, வரலாறு, வணிகவியல், மனையியல் எல்லாம் இருக்கிறது. உளவியல் இல்லை. ஆனால் அதே தேர்வின் 150 மதிப்பெண்ணில் 30 கல்வியியலுக்கு, அதற்குள் கல்வி உளவியலும் வருகிறது. டெட் தேர்விலும் குழந்தை மேம்பாட்டுக்கும் கற்பித்தல் முறைக்கும் 30. உளவியல் தெரியாமல் இந்த மாநிலத்தில் யாரும் வாத்தியார் ஆக முடியாது. உளவியலுக்கென்று ஒரு வாத்தியார் நாற்காலி மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

சிபிஎஸ்இ-யில் பதினொன்று, பன்னிரண்டில் உளவியல் ஒரு பாடம். பன்னிரண்டாம் வகுப்பு என்சிஇஆர்டி புத்தகத்தில் முன்முடிவு, பாகுபாடு பற்றிப் படிக்கிறார்கள். செங்கோட்டையில் ரயிலேறி மலையைத் தாண்டினால் கேரளத்து மேல்நிலைப் பள்ளிகளிலும் உளவியல் உண்டு. அங்கே ஆசிரியராக அந்த மாநிலத்தின் 'செட்' தேர்வில் தேற வேண்டும். நம் பட்டியல் சாதிச் சான்று அங்கே இட ஒதுக்கீட்டுக்குச் செல்லாது, பொதுப் பிரிவில்தான் போட்டி போட வேண்டும். டெல்லி அரசுப் பள்ளிகளில் உளவியல் முதுநிலை ஆசிரியர் பணியிடம் இருக்கிறது. டெல்லி அரசுப் பணிகளில் பிற மாநிலப் பட்டியல் சாதியினருக்கும் ஒதுக்கீடு உண்டு என்று 2018-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. இதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை.

நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதிக் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது என்பதோடு, 500-க்கு மேல் மாணவர் உள்ள பள்ளிகளுக்கு நல அலுவலர் பணியிடம் உருவாக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. கயிற்றை அவிழ்க்க ஒரு சுற்றறிக்கை போதும். கயிறு எதற்கு என்று பதினாறு வயதுப் பையனோடு உட்கார்ந்து பேச, படித்த ஆள் வேண்டும், அந்த ஆளுக்குப் பதவி வேண்டும், பாடவேளை வேண்டும். அரசுப் பள்ளியில் உளவியல் ஒரு பாடமாக வர வேண்டும், அதற்கு முதுகலை ஆசிரியர் பணியிடம் வேண்டும், அதில் இட ஒதுக்கீடு வேண்டும். மாணவர் அமைப்புகள் அடுத்த கோரிக்கை மனுவில் இதையும் எழுதுங்கள்.

இதையெல்லாம் அவளிடம் மறைக்காமல் சொன்னேன். "ஊருப் பக்கமே வேலை கெடைக்கும்னு உறுதி இல்ல தாயி. வரலாறு, தமிழ்னு எடுத்து பி.எட். முடிச்சா டெட் எழுதலாம். அது கொஞ்சம் பாதுகாப்பான வழி. யோசிச்சுச் சொல்லு. இந்தத் தடவ நான் முடிவு சொல்ல மாட்டேன்."

அவள் அம்மா குறுக்கே வந்தார். "ஏன் தம்பி, ஏழு வருசம் படிச்சிட்டு டெல்லிக்கா போவா?"

"டெல்லியோ கேரளாவோ, மொதல்ல போறேன்" என்றாள் அவள். "இங்க அந்த வேல வந்ததும் திரும்பி வாறேன். வர வைக்கிறது ஒங்க வேலண்ணே."

வருகிற மே மாதம் விண்ணப்பம் போடுகிறோம். முதல் விருப்பம் சென்னை, அடுத்தது கோவை. அதுவரைக்கும் பேக்கிங் வேலைக்குப் போகிறாள், சம்பளத்தில் கொஞ்சத்தைத் தபால் ஆபீசில் போட்டு வைக்கிறாள். அவளுக்கு ஏழு வருசம் இருக்கிறது. அதற்குள் அந்த நாற்காலியைப் போட வைக்க வேண்டிய பொறுப்பு நமக்கு.

ஜெய் பீம்.