தில்லை நிற்குமிடம்

சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயரைத் தந்தது ஒரு மரம். அம்மரம் காடாக நிற்பதைக் காண இன்று ஊரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் சென்று, பிச்சாவரத்தில் படகேற வேண்டும். நெய்தல் திணையைக் கற்பிக்கும் நாம் மாணவர்களை அங்கே அழைத்துச் செல்வதுண்டு. கண்டலும் தாழையும் அவர்களுக்கு உரைக்குறிப்புகளாக மட்டும் நின்றுவிடலாகாது என்பது நம் எண்ணம்.

அங்கே நாம் ஆண்டுதோறும் ஒரு செய்தியைச் சொல்லிவந்தோம்: சுற்றுப்புற மக்கள் விறகு வெட்டியும் மாடு மேய்த்தும் பாதிக் காட்டை அழித்துவிட்டார்கள் என்று. ஒருமுறை கிள்ளைப் பக்கத்து மாணவர் ஒருவர் தயங்கியபடி கேட்டார்: "எங்க பாட்டி வெட்டினது கிளைதான் ஐயா. கிளை வெட்டினா காடே போயிடுமா?"

நம்மிடம் விடை இல்லை. தேடிப் படித்தபோது வெட்கமாக இருந்தது. ஆங்கிலேயர் காலந்தொட்டு 1970கள் வரை, வனத்துறையே காட்டைக் கூறு கூறாகப் பிரித்து அடியோடு வெட்டியிருக்கிறது. வெயில்பட்ட நிலம் வற்றித் தாழ்ந்து தொட்டியானது. உள்ளே வந்த ஓதநீர் வெளியேற வழியின்றித் தேங்கியது. நீர் ஆவியாக, உப்பு மிஞ்சியது. அந்த உப்பில் எந்த விதையும் பிழைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இதைக் கண்டறிந்தது. மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. ஓதம் மீண்டும் வந்து போனது. கிராமத்தாரும் வனத்துறையும் சேர்ந்து கன்று நட, காடு திரும்பியது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, அக்காட்டின் பின்னிருந்த ஊர்கள் திறந்த கரையிலிருந்தவற்றைவிடக் குறைவாகவே இழந்தன.

வழக்கு இத்தோடு முடியவில்லை. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடற்கரை ஒழுங்காற்று மண்டலத்து இறால் பண்ணைகளை அகற்றுமாறு 1996இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2005இல் வந்த கடலோர நீருயிர் வளர்ப்புச் சட்டம் அத்தொழிலுக்குப் பதிவு முறையை வகுத்தது. 2022இல் பிச்சாவரம் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சுற்றுலாப் படகுகள் செல்லும் அதே நீரில்தான் இருளர் பெண்கள் மூழ்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். காட்டைக் காக்க மனிதரை விலக்க வேண்டும் என்போர், யாரை முதலில் விலக்குவார்கள் என்பது நமக்குத் தெரிந்ததே. வலைகூட இல்லாதவரைத்தான்.

அடுத்த ஆண்டு படகில் ஏறியதும் நம் பழைய பிழையைத்தான் முதலில் சொன்னோம். பாட்டியைப் பற்றிக் கேட்ட மாணவர் அதற்குள் படிப்பு முடித்துப் போய்விட்டிருந்தார்.