புள்ளிக்கு என்ன விலை?

பிரெஞ்சில் 'பரேம்' என்பார்கள்: எதற்கு எவ்வளவு என்று முன்கூட்டியே அச்சிட்டு வைத்த அட்டவணை. குமாஸ்தாவுக்கு அதுதான் வேதம். மாரியட் ஓட்டல்களிலும் இலவச அறைக்கு இத்தனை புள்ளி என்று அப்படியொன்று இருந்தது. 2022 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். ஹில்டன் 2017-லேயே. இப்போது வாடகை ஏறினால் கேட்கும் புள்ளியும் ஏறும். பிரெஞ்சுக் கம்பெனி அக்கோரில் 2000 புள்ளிக்கு 40 யூரோ கழிவு. என்னைப் போன்றவருக்கும் புரிகிற கணக்கு!

எங்களைப் பாரிஸில் தங்கவைக்க என்று மகன் பல வருடமாய்ப் புள்ளி சேர்க்கிறான். வட்டியில்லாத சேமிப்பு, மதிப்பும் நம் கையில் இல்லை. எனக்கோ எழுபத்தைந்து. "இந்த வருஷமே ரூம் போட்டுடுப்பா" என்று சொல்லிவிட்டேன். ஐந்து இரவாகப் போட்டால் ஒன்று இலவசமாம். அவன் அம்மா இப்போதே ஸ்வெட்டர் தேடுகிறாள்.