இடாப்பும் கணனியும்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார் என்று முன்னோர் சொல்லிவைத்தனர். வரைபடம் வரைந்து கொடுத்து, ஒப்பந்தத்தையும் மேற்பார்வை செய்யும் எம்போன்றோர் படும் பாட்டை அவர்கள் அறிந்திலர். எமக்குக் கல்லும் சீமெந்தும் தரும் தொல்லை சிறிது. கடிதங்கள் தரும் தொல்லையே பெரிது.

வரைபடங்கள், அவற்றின் திருத்தங்கள், ஒப்பந்தகாரரின் வினாக்கள், கொடுப்பனவுச் சான்றிதழ்கள் ஆகியவற்றையெல்லாம் எமது காரியாலயத்தில் முன்னர் ஐந்து இடாப்புகளில் பதிந்து வந்தோம். அவற்றுக்குக் காவலர் மூத்த எழுதுவினைஞர் ஒருவர்.

ஒரு மாரிகாலத்திலே, படிக்கட்டின் கம்பி விவரம் கேட்டு ஒப்பந்தகாரர் எழுதிய கடிதத்துக்கு உரிய காலத்தில் விடை போகவில்லை. வேலை நின்றது. எமது ஒப்பந்தம் ஃபிடிக் சம்மேளனத்தின் 1999 ஆம் ஆண்டுச் சிவப்புப் புத்தகத்தைத் தழுவியது. அதன்படி, வரைபடம் தாமதித்தால் ஒப்பந்தகாரர் கால நீடிப்பும் செலவும் கோரலாம். ஆயின், 28 நாட்களுக்குள் அறிவித்தல் கொடாவிடின் அவ்வுரிமையை இழப்பார். இவரோ நாள் தவறாதவர். அறிவித்தல் வந்து சேர்ந்தது. கட்டட உரிமையாளர் எம்மை நோக்கினார். நாம் எழுதுவினைஞரை நோக்கினோம். பலர் முன்னிலையிற் கடிந்தும் கொண்டோம்.

“அந்தக் கடிதம் என் கைக்குத் திரும்பி வரவில்லையே, ஐயா” என்றார். அதற்குமேல் ஒன்றும் பேசினாரில்லை.

இனி இடாப்பு உதவாதென்று கணனியில் தரவுத்தளம் அமைக்கத் துணிந்தோம். தரவுகளை ஒன்றோடொன்று தொடர்புடைய அட்டவணைகளாக வைக்கும் முறையை எட்கார் கொட் என்பார் 1970 இல் வகுத்தார். 1992 இல் வெளிவந்த மைக்ரோசொப்ட் அக்செஸ் போன்ற மென்பொருள்கள் அதனைச் சிறு காரியாலயங்களுக்கும் எட்டச் செய்தன. அதன் தத்துவம் எளிது: ஒரு செய்தியை ஓரிடத்தில் மாத்திரமே எழுதுதல் வேண்டும். ஒப்பந்தகாரர் ஓர் அட்டவணையில், வரைபடங்கள் வேறொன்றில், கடிதங்கள் மற்றொன்றில். இலக்கங்கள் இவற்றைப் பிணைக்கும். கடிதம் வந்த நாள், யாரிடம் கொடுக்கப்பட்டது, விடை சென்ற நாள் ஆகிய மூன்றையும் பதிந்துவிட்டால், விடை செல்லாதவை எவையென்று கேட்ட நொடியிலே பட்டியல் வந்துவிடும்.

பழைய கடிதங்களைப் பதிந்தவரும் அவ்வெழுதுவினைஞரே. பதிந்து முடிந்ததும், விடை செல்லப் பிடித்த நாட்களின்படி அவற்றை நிரைப்படுத்திப் பார்த்தோம். முதல் வரியில் நின்றது படிக்கட்டுக் கடிதம். கொடுக்கப்பட்டவர் என்னுமிடத்தில் எமது பெயர்! ஐயுற்றுப் பழைய இடாப்பைப் புரட்டினோம். பெற்றுக்கொண்டமைக்கு எமது சுருக்கொப்பம் தெளிவாக இருந்தது. கடிந்துகொண்ட அன்று அதனைத் திறந்து பாராதவர் நாமே.

பதியும்போதே அவர் கண்டிருப்பார், சொல்லவில்லை. அன்று கேட்டிருந்தோர் யாவர் முன்னிலையிலும் அவரிடம் மன்னிப்புக் கோரினோம். அவர் சிரித்தார்.

“இனித் தினமும் காலையில் பட்டியலை மேசையில் வைக்கிறேன், ஐயா” என்றார்.

வைத்தும் வருகிறார். அதில் எமது பெயர் இல்லாத நாட்கள் இன்னமும் சிலவே.